பனிமலை ரிசார்ட் விளையாட்டில் முதல் பாதை எப்படிப் போடுவது?

சேலத்து மதிய வெயிலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பனிமலை ரிசார்ட் நடத்துவது தனி சுகம். 2021இல் வந்த ஸ்னோடோபியா என்ற கணினி விளையாட்டு இந்த வகைதான். சண்டை கிடையாது, அவசரம் கிடையாது. ஆட்களை மலைமேல் ஏற்றிவிட லிஃப்ட் போட வேண்டும், அவர்கள் பனியில் சறுக்கி இறங்கப் பாதை அமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக ஆடுபவர்கள் பலரும் லிஃப்ட் உச்சியிலிருந்து கீழே நேர்க்கோடாகப் பாதையை இழுத்துவிடுவார்கள். சரிவு கூடக்கூடப் பாதை கடினமாகும். பாதை எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள்: ஐரோப்பிய வழக்கத்தில் பச்சை மிக எளிது, அப்புறம் நீலம், சிவப்பு, கடைசியில் கருப்பு. கற்றுக்குட்டிகளுக்குக் கருப்பில் என்ன வேலை? அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறுகிறது இல்லையா, அதே மாதிரி பாதையை மலைக்குக் குறுக்கே இழுத்து, திருப்பி, மறுபடி குறுக்கே இழுங்கள். நீளம் கூடும், சரிவு குறையும். இன்னொரு லாபமும் உண்டு: இறங்க நேரம் பிடிப்பதால் ஆட்கள் மலையில் பரவியிருப்பார்கள், லிஃப்ட் வாசலில் வரிசை சுருங்கும்.

பாதையின் முடிவு மட்டும் லிஃப்ட் வாசலுக்குச் சற்று மேலே இருக்கட்டும். தட்டையான பனியில் தள்ளிக்கொண்டு நடக்க யாருக்கும் பிடிக்காது.