துக்க வீட்டில் "ஆத்துமா எங்கே?" என்று வாதாடும் முன்

பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாமியார் செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவார், மருமகள் மெதடிஸ்ட், சம்பந்தி வீடு அட்வென்டிஸ்ட் என்பது புதிதல்ல. யாராவது இறந்தால்தான் வம்பு. "ஆத்துமா இப்போ எங்க இருக்கு?" என்று ஒருவர் தொடங்கினால் போதும், அடுத்த சபை சொல்லாததையெல்லாம் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அதிகம் அடிபடுவது உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது இறந்த ஆத்துமா மோட்சம் சேருமுன் தூய்மையாக்கப்படும் நிலை. பாவியாகவே செத்தவருக்குக் கத்தோலிக்கர் கொடுக்கும் இரண்டாம் வாய்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடவுளின் அருள்நிலையில் இறந்தவருக்கு மட்டுமே அந்தத் தூய்மைப்படுத்தல். அங்கிருந்து போகும் வழி மோட்சம் ஒன்றுதான். நரகத்திலிருந்து பூசை வைத்து மீட்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதில்லை. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுபவரிடம் "காசு கொடுத்து மோட்சம் வாங்குறீங்களா?" என்று கேட்பது பழைய கேலி. காசு வாங்கிக்கொண்டு பாவத் தண்டனைக்கு மன்னிப்பு வழங்கும் முறையை 1567-இல் போப் ஐந்தாம் பயஸே ரத்து செய்துவிட்டார்.

கத்தோலிக்கரும் சளைத்தவர்களல்ல. "பைபிள்லயே இருக்கே" என்று, இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைச் சொல்லும் 2 மக்கபேயர் 12-ஐக் காட்டுவார்கள். எதிரே இருப்பவரின் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது. பேச்சு எப்படி நகரும்?

அடுத்தது, கத்தோலிக்கர் அல்லாதவர் எல்லாரும் ஒரே கட்சி என்று எண்ணுவது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளின் கோட்பாடுகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கின்றன. ஆனாலும் விசுவாசியின் ஆத்துமா இப்போதே கர்த்தரிடம் இருக்கிறது என்பதே அங்கே பொதுவான நம்பிக்கை. அட்வென்டிஸ்டுகள் வேறு. உடலைப் பிரிந்து தனியே உணர்வோடு வாழும் ஆத்துமா இல்லை, உயிர்த்தெழுதல்வரை மரணம் ஒரு தூக்கம் என்பது அவர்கள் போதனை. "அப்பா மேலிருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்காரு" என்று அவர்களிடம் ஆறுதல் சொன்னால் ஒட்டாது.

பிரசங்கி 9:5-இல் "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்பதை அட்வென்டிஸ்டுகள் எடுப்பார்கள். சிலுவையில் கள்வனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்னாரே (லூக்கா 23:43) என்று மற்றவர் மடக்குவார். அதற்கும் பதில் உண்டு: பழைய கிரேக்கப் பிரதிகளில் காற்புள்ளி கிடையாது, "இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன்" என்று சேர்த்தே வாசிக்கலாம் என்பார்கள். பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் அப்படி வாசிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்படியானாலும், ஒற்றை வசனத்தை வீசி முடித்துவிடக்கூடிய வழக்கல்ல இது. மரண அறிவிப்பில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று பார்த்ததும் ஆத்துமத் தூக்கத்தை நம்பும் குடும்பம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். மெதடிஸ்ட் வீட்டிலும் அப்படித்தான் போடுவார்கள்.

இறந்த குழந்தை தேவதூதனாகிவிட்டது என்பது இவர்களில் யாருடைய போதனையும் அல்ல. தூதர்கள் தனிப் படைப்பு.

கடைசியாக, இதெல்லாம் பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த லுத்தருக்குப் பிறகு கிளம்பிய சண்டை என்று நினைப்பது. 1331-இல் போப் இருபத்திரண்டாம் யோவானே, இறுதித் தீர்ப்புவரை புனிதர்கள்கூடக் கடவுளை நேருக்கு நேர் காண்பதில்லை என்று பிரசங்கம் செய்து இறையியலாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1334-இல் சாகும் தறுவாயில் அதைத் திருத்திக்கொண்டார். தூய்மையடைந்த ஆத்துமாக்கள் தீர்ப்புக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று 1336-இல் முடிவாக அறிவித்தவர், அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட்.