சுக்கினிச் செடி திடீரென வாடுகிறதா? தண்டுத் துளைப்பான் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே சுக்கினி (பூசணி வகைக் காய்), பூசணி போடுகிறவர்களுக்கு ஜூலையில் வரும் தலைவலி இது. நேற்றுவரை தளதளவென்று நின்ற செடி மதிய வெயிலில் துவண்டு விழும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவதுதான் முதல் தவறு. அதற்கு முன் குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள். சிறு ஓட்டையும், அதைச் சுற்றி ஈர மரத்தூள் போன்ற எச்சமும் தெரிந்தால் உள்ளே பூசணித் தண்டுத் துளைப்பானின் புழு இருக்கிறது. தண்ணீர் மேலேறும் பாதையையே அது தின்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது.

இந்தப் புழுவின் தாய் ஓர் அந்துப்பூச்சி. அந்துப்பூச்சிதானே என்று இரவில் விளக்கடியில் தேடாதீர்கள். இது பகலில் பறப்பது. ஆரஞ்சு வயிற்றில் கரும்புள்ளிகள், கண்ணாடி போன்ற பின்னிறக்கை. குளவி என்று நினைத்து விட்டுவிடுவோம். வடக்கு மாநிலங்களில் ஜூன் பிற்பாதியிலேயே மஞ்சள் நிறக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் செடியருகே வையுங்கள். மஞ்சள் நிறத்தைத் தேடி வந்து விழும். ஒன்று விழுந்தாலே முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அதிகம் சறுக்குவது மருந்தடிப்பில்தான். இலையெல்லாம் நனைத்துவிட்டுத் தண்டை விட்டுவிடுகிறார்கள். பழுப்பு நிற முட்டை 1 மி.மீ. அளவுதான், பெரும்பாலும் தண்டின் அடியில் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். 7 முதல் 10 நாளில் பொரிந்த புழு நேராகத் தண்டைக் குடைந்து உள்ளே போய்விடும். அதன்பின் வெளியே எதை அடித்தாலும் அதன்மேல் படாது. பூச்சி தென்பட்டதுமே தண்டின் அடிப்பகுதியில், தேனீக்கள் ஓய்ந்த மாலை வேளையில் அடியுங்கள். மீண்டும் எப்போது அடிப்பது என்பதை பூச்சிமருந்தின் லேபிளைப் பார்த்துச் செய்யுங்கள்.

வலைத்துணி மூடுவது நல்ல தடுப்பு. ஆனால் போன வருடம் பூசணி இருந்த அதே மண்ணில் மூடினால், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் குளிர்காலம் கழித்த பூச்சி வலைக்குள்ளேயே வெளிவரும். இடத்தை மாற்றிப் போடுங்கள். பூக்கத் தொடங்கியதும் வலையை எடுக்காவிட்டால் தேனீ நுழையாது, காயும் பிடிக்காது.

புழு உள்ளே போய்விட்டால் செடியைப் பிடுங்க அவசரம் வேண்டாம். கூரிய பிளேடால் தண்டை நீளவாக்கில் கீறுங்கள். குறுக்கே வெட்டினால் செடி போயிற்று. வெள்ளைப் புழு ஒன்றை எடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள், ஒரே தண்டில் பல இருக்கும். கீறிய இடத்தை ஈரமண்ணால் மூடி, காயாமல் பார்த்துக்கொண்டால் அங்கே புது வேர் விடும்.

செத்த கொடியைத் தோட்டத்திலேயே போட்டு வைக்காதீர்கள். 4 முதல் 6 வாரம் தின்று முடித்த புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். அதற்குள் கொடியை அகற்றி அழித்துவிட வேண்டும். வருடாவருடம் இதே தொல்லையென்றால் பட்டர்நட் என்ற பூசணி வகை போடுங்கள். அதை இந்தப் புழு அவ்வளவாகத் தாக்குவதில்லை.