போராட்ட நாட்களில் வடக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் திரும்பும் வேளையில் தென்னிலங்கையில் போராட்டம் வலுத்திருந்தால், முதல் வேலையாகக் கொழும்பைப் பயணத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையம் தலைநகருக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் உள்ளது. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக வரும் வாகனம் கொழும்பைத் தொடாமலேயே கட்டுநாயக்கவை அடையலாம். கொழும்பிலுள்ள உறவினர்களை வந்திறங்கிய கையோடு பார்த்துவிடுவதே நல்லது. கடைசி நாளுக்கு அதை ஒத்திவைக்காதீர்கள்.

வழமையான நாளிலேயே ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும் பாதை இது. 2022 ஏப்ரல் 2ஆம் திகதி மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய ஊரடங்கு 36 மணித்தியாலம் நீடித்ததை நினைவிற் கொண்டால், விமானம் ஏறும் நாளிலேயே ஊரிலிருந்து புறப்படுவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். முதல் நாளே புறப்பட்டு நீர்கொழும்பிலோ சீதுவையிலோ இரவு தங்குங்கள். 2023 ஏப்ரல் 25 அன்று நடந்ததுபோல் வடக்கு கிழக்கில் ஹர்த்தால் (முழுக் கடையடைப்பு) அறிவிக்கப்பட்டால், ஹர்த்தாலுக்கும் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவது உத்தமம்.

அண்மைக்கால ஊரடங்குகளில் விமானப் பயணிகள் பயணச்சீட்டையும் கடவுச்சீட்டையும் காட்டிச் செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். பயணச்சீட்டைத் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள், தொலைபேசியை மட்டும் நம்பாதீர்கள். 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது வட்ஸ்அப்பும் இயங்கவில்லை. அச்சிட்ட தாளில் விமான இலக்கமும் திகதியும் நேரமும் உள்ள வரியைப் பேனாவால் கோடிட்டு வைத்தால், சோதனைச் சாவடியில் நிற்பவர் தேட வேண்டியிராது. இரவில் மறித்தால் வாகனத்தின் உள்விளக்கைப் போட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். பேச்சைச் சிங்களம் தெரிந்த சாரதியிடம் விட்டுவிடுங்கள். அத்தகைய சாரதியைத் தேடிப் பிடிப்பது வாகனத்தின் சொகுசைவிட முக்கியம் என்பேன்.

மறிப்பவர்கள் பொலிஸாராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2022 மே மாதத்தில் ஆட்சியாளர்களுக்கு நெருங்கியவர்கள் தப்பிச் செல்லாதபடி இளைஞர்கள் விமான நிலைய வீதியிலேயே வாகனங்களைச் சோதித்தார்கள். அவர்கள் தேடியது உங்களை அல்ல. பொறுமையாகப் பதில் சொன்னால் போதும். அங்கே படம் எடுப்பதும் நேரலை செய்வதும் வேண்டவே வேண்டாம், விசாவில் வந்தவர்கள் குறிப்பாக.

கொழும்பிலிருந்துதான் போயாக வேண்டுமென்றால், பேலியகொடையில் ஏறும் அதிவேக வீதியே பாதுகாப்பானது. ஆனால் அதில் ஓட்டோவுக்கு அனுமதியில்லை. ஓட்டோ வத்தளை, ஜா-எல ஊடாகப் பழைய வீதியால்தான் போகும், போராட்டக்காரர்கள் மறிப்பதற்கு எளிதான வீதியும் அதுவே. எரிபொருளைச் சாரதி திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

சென்னை வழியாகத் திரும்ப இயலுமானவர்கள் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை செல்லும் விமானத்தையும் எண்ணிப் பார்க்கலாம். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனிப் பயணச்சீட்டு எடுத்தால் சென்னையில் வெளியேறிப் பொதிகளை மீண்டும் ஒப்படைக்க நேரிடும். அதற்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இந்திய விசா தேவை என்பதால், அதைப் புறப்படுவதற்கு முன்பே, வாழும் நாட்டிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள்.