புரோட்டீன் டப்பாவைப் படம் எடுத்து விற்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பாண்டியில் புதிதாகப் புரோட்டீன் கடை போட்டிருக்கும் தம்பி ஒருவன் தன் இன்ஸ்டா பக்கத்தை அனுப்பி, "அண்ணே, ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்க, லைக் வருது, ஆள் வரல" என்றான். டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன், டீ ஆறிப்போனது. எட்டு வருஷத்துக்கு முன் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் கடை திறந்த புதிதில் அடித்த கூத்து அத்தனையும் அங்கே வரிசையாக இருந்தது. ஒன்பதாவது படத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தக் கதை கீழே நீளமாக வருகிறது.

படம் மங்கல், எழுத்துப்பிழை, மாசத்துக்கு ஒரு போஸ்ட் போட்டுவிட்டுத் தூங்குவது, இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மஞ்சள் சுவர்

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஒயிட் டவுனுக்குப் போய், அந்த மஞ்சள் சுவரில் போகன்வில்லா தொங்கும் இடமாகப் பார்த்து வைத்துப் படம் எடுப்பது. நானும் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் எடுத்திருக்கிறேன். படம் பிரமாதமாக வந்தது. யார் பார்த்தார்கள் என்று இன்ஸ்டா காட்டும் இன்சைட்ஸைத் திறந்து ஊர் வாரியாகப் பார்த்தால் சென்னை, பெங்களூரு, அப்புறம் கொச்சி. சனி ஞாயிறு பாண்டிக்கு வந்துபோகிறவர்கள் சுவருக்கு லைக் போட்டிருக்கிறார்கள், டப்பா என்ன என்றே பார்த்திருக்க மாட்டார்கள். என்னிடம் வாங்குகிறவன் செம்மண்டலத்தில் இருக்கிறான், நெல்லிக்குப்பத்தில் இருக்கிறான். அவனுக்கு என் கடை வாசலும் ஷட்டரும் எதிரில் நிற்கிற டவுன் பஸ்ஸும் தெரிந்தால் போதும், "அட, இது நம்ம லாரன்ஸ் ரோடு பக்கம்டா" என்று நின்று பார்ப்பான்.

கடலுக்கு விளம்பரம் செய்வது

காசு கட்டிப் போஸ்ட்டை விளம்பரமாக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தும்போது கடலூரை நடுவில் வைத்து 25 கிலோமீட்டருக்கு வட்டம் போடுவார்கள். மேப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டத்தில் ஏறக்குறைய பாதி வங்காள விரிகுடா. அங்கே காசு செலவாகாது என்பது உண்மைதான், ஆனால் உங்கள் வாடிக்கையாளர் இருக்கிற நெய்வேலி வட்டத்துக்கு வெளியே நிற்கும். கடற்கரை ஊரில் வட்டம் போடாதீர்கள். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, புதுச்சேரி என்று ஊர் ஊராகப் பெயர் கொடுத்துச் சேருங்கள். வயதை 18க்கு மேல் வையுங்கள். ஏன் என்பது கீழே வரும் கதையிலேயே புரியும்.

டப்பாவின் முகத்தை மட்டும் எடுப்பது

முன்பக்கத்தில் சிங்கம், மின்னல், ஆறு பேக் வயிறு. கறுப்பு டப்பா என்றால் பளபளப்பில் எடுக்கிறவனே தெரிவான். என் பழைய படம் ஒன்றில் லுங்கியோடு நான் தெரிகிறேன், அதை ஒரு வருஷம் கழித்து ஒரு வாடிக்கையாளர்தான் பெரிதாக்கிக் காட்டினார். (ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல். இருபது ரூபாயில் வேலை முடிந்தது. ரிங் லைட் வாங்கினால் அந்த வட்ட வெளிச்சம் டப்பாவில் வளையல் மாதிரி விழும்.)

விற்பது பின்பக்கம். போலி டப்பாவுக்குப் பயந்துகொண்டுதான் நம்மிடம் பாதிப் பேர் வருகிறார்கள். தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் ஸ்டிக்கர், இவை ஒவ்வொன்றும் வாசிக்கிற மாதிரி ஒரு படம் போடுங்கள். சேர்மானப் பட்டியலையும் போடுங்கள். அது எடை அதிகமானதில் தொடங்கிக் குறைந்ததில் முடியும் வரிசை. எடை கூட்டுகிற மாஸ் கெயினர் டப்பாவைப் புரோட்டீன் என்று சொல்லி விற்கிறவர்கள் இந்தப் படத்தை மட்டும் போடவே மாட்டார்கள், ஏனென்றால் பெரும்பாலானவற்றில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோ அமிலச் சரக்கு பட்டியலில் மேலே ஏறி உட்கார்ந்திருந்தாலும் சந்தேகப்படலாம். நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிப் புரதக் கணக்குப் போடுவதுதான் பரவலான சோதனை, இவற்றிலும் நைட்ரஜன் இருப்பதால் கணக்கில் புரதம் கூடித் தெரியும். இப்படி ஒரு பின்பக்கப் படம் போட்டு நாலு வரி எழுதினால் லைக் கம்மியாகத்தான் வரும். ஆனால் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் கடைக்கு வந்து போனைக் காட்டி "இதுதானே" என்று கேட்பார்கள்.

முன்னும் பின்னும்

இதுதான் அந்த ஒன்பதாவது படம். இடது பக்கம் ஒல்லிப் பையன், வலது பக்கம் அதே பையன் தோள் விரிந்து, நடுவில் அம்புக்குறி, கீழே "60 நாளில்". எனக்கு வயிற்றெரிச்சல் ஏன் என்றால், அந்த 60கூட நான் போட்ட அதே 60.

எங்கள் பக்கம் கபடிப் பையன்கள் அதிகம். கடை திறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு பையன், வயது 19, ரைடர், கடைக்கு அடிக்கடி வருவான். காசு இருக்காது, சும்மா டப்பாக்களைப் பார்த்துவிட்டுப் போவான். அவனிடம் பழைய போட்டோ ஒன்று வாங்கி, புதிதாக ஒன்று நான் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எங்கள் புரோட்டீன் மட்டுமே, 60 நாள்" என்று எழுதிப் போட்டேன். 6,000 ரூபாய்க்கு பூஸ்ட் வேறு. உண்மை என்ன? அவன் என் பவுடரைச் சாப்பிட்டது மூணு வாரம், அதுவும் நான் ஓசியில் கொடுத்த டப்பா. மீதி நாளெல்லாம் தினம் காலையில் தேவனாம்பட்டினம் மணலில் ஓடியிருக்கிறான். கபடி மாஸ்டர் கைக்காசில் வாங்கிக் கொடுத்த முட்டையைத் தின்றிருக்கிறான். அந்த ஓட்டத்தையும் முட்டையையும் நான் படத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டேன்.

பத்து நாளில் 22 டப்பா போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் கமெண்ட்டில் ஒருத்தன் எழுதினான்: "பவுடர்ல இது வராது, ஊசி போட்டிருக்கான்." அவ்வளவுதான். எதிர் டீம் பையன்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டார்கள். அடுத்த மேட்சில் அவன் ரைடு போகும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து "ஊசி, ஊசி" என்று கத்தியிருக்கிறார்கள். ஊக்கமருந்து விஷயத்தில் விளையாட்டுக்காரனுக்குச் சட்டம் எப்படி என்றால், தடைசெய்த பொருள் உடம்பில் இருந்தால் அது எப்படி உள்ளே வந்தது என்றாலும் பொறுப்பு அவனுடையது. "கடைக்காரர் கொடுத்தார்" என்றால் தப்பிக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வளருகிற பையன் பெயரில் ஒரு சொட்டுக் கறை விழுந்தாலும் ஆயுசுக்கும் கூடவே வரும். மாஸ்டர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "உன் டப்பாவை விக்கறதுக்கு என் பையன் உடம்பா கெடச்சுது?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவர் செட்டில் ஒருத்தன்கூட என் கடைப் படி ஏறவில்லை. இன்றைக்கு வரைக்கும்.

இன்னொரு பக்கம், 60 நாள் கணக்கை நம்பி வாங்கியவர்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு அப்பா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். சீக்கிரம் உடம்பு வரட்டும் என்று பையன் ஒரு நாளைக்கு அஞ்சு ஸ்கூப் (டப்பாவுக்குள் இருக்கும் அளவுக் கரண்டி) குடித்து வயிறு கெட்டுப் போயிருக்கிறான், சோறு இறங்கவில்லை. "தம்பி, நீங்கதானே படம் போட்டீங்க" என்றார். என்ன பதில் சொல்ல? மொத்தம் 9 டப்பா திரும்பி வந்தது, எல்லாம் சீல் உடைத்தது. காசைக் கொடுத்து வாங்கிக் குப்பையில் கொட்டினேன். இரண்டாவது தடவை அதே படத்தை விளம்பரமாக ஓட்டப் பார்த்தபோது நிராகரித்துவிட்டார்கள். முன்-பின் உடம்புப் படம் விளம்பரத்தில் கூடாது என்று இன்ஸ்டாவின் அப்போதைய விதியிலேயே இருந்தது, படிக்காதது நான். சட்டம் இன்னும் கடுமை. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவுப்படி, உணவுப் பொருளைப் பற்றித் தப்பெண்ணம் தருகிற விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். வெளியிட்டவன் மட்டுமில்லை, அதில் பங்கெடுத்தவனும் மாட்டுவான். அதாவது அந்தப் பையனையும் சேர்த்து நான் இழுத்துவிட்டிருக்கலாம். நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

சரி, "அண்ணே, என் கஸ்டமர் போட்டோ நெஜம்தான்" என்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே செய்து பார்த்தேன். ஆறு இட்லியும் ஒரு சொம்புத் தண்ணீரும் உள்ளே தள்ளிவிட்டு, டியூப்லைட்டுக்கு நேர் கீழே, தோளைத் தொங்கவிட்டு, வயிற்றைத் தளர்த்தி ஒரு படம். அப்புறம் முப்பது தண்டால், உடம்பில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற மாதிரி நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொரு படம். தண்டால் எடுத்தால் ரத்தம் ஏறித் தசை கொஞ்ச நேரத்துக்குப் புடைத்து நிற்கும், பக்கவாட்டு வெளிச்சம் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் போடும். இரண்டுக்கும் நடுவில் 40 நிமிஷம். தொப்பைக்காரன் நானே "மூணு மாச உழைப்பு" மாதிரித் தெரிந்தேன். இந்த இரண்டு படத்தையும் போனில் வைத்திருக்கிறேன், முன்-பின் போடுகிற ஒவ்வொரு புதுக் கடைக்காரனுக்கும் அனுப்புகிறேன். பாண்டித் தம்பிக்கும் அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டான், பக்கத்திலிருந்து படத்தை நீக்கவில்லை. போன் போட்டுக் கத்திய பிறகுதான் நீக்கினான்.

விளையாடுகிறவர்களைப் படத்தில் காட்டவே கூடாதா? காட்டலாம். மண்ணில் பிராக்டிஸ் செய்கிறதைக் காட்டுங்கள், மாஸ்டரைக் கேட்டுவிட்டு. பதினெட்டு ஆகாதவனாக இருந்தால் வீட்டில் கேட்டுவிட்டு. எழுத்தில் வாங்கி வையுங்கள். அவன் உடம்பு எதனால் வந்தது என்று மட்டும் நீங்கள் எழுதாதீர்கள்.

சதுரப் போஸ்டர்

2025இல் இன்ஸ்டா புரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து நெட்டையாகிவிட்டன. பழைய சதுரப் படங்களில் இரண்டு பக்க ஓரமும் வெட்டுப்படும். என் கடைப் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமல் போய் வேறு கடை மாதிரி இருந்தது. முக்கியமானதை நடுவில் வையுங்கள்.

போன் நம்பரைப் படத்துக்குள் எழுதுவது

அதைத் தொட்டால் போன் போகாது. புரொஃபைலில் வாட்ஸ்அப் பட்டன் வையுங்கள்.

கூகுளில் எடுத்த படம்

அடுத்தவன் படம். வேண்டாம்.

ஃபாலோயர் வாங்குவது

அவர்கள் யாரும் புரோட்டீன் குடிப்பதில்லை.

"விலைக்கு டிஎம்"

விலை தெரிய தனி மெசேஜ் அனுப்பச் சொல்லாதீர்கள். விலையைப் போடுங்கள்.

சாப்பாட்டை எதிரியாக்குவது

"வீட்டுச் சாப்பாட்டில் புரோட்டீன் இல்லை, எங்களிடம் வாங்குங்கள்" என்கிற மாதிரி போஸ்டர்கள். இதுவும் நான் போட்டதுதான், ஆனால் இதில் வந்த நஷ்டம் மானம் மட்டும். ஒரு சத்துணவு ஆசிரியை கமெண்ட்டில் வந்து என்னைத் துவைத்துக் காயப்போட்டார்.

கடுமையாகப் பயிற்சி எடுக்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.4இலிருந்து 2 கிராம் வரை புரதம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 60 கிலோ கபடிப் பையனுக்கு 84இலிருந்து 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் சொச்சம், 100 கிராம் பொட்டுக்கடலையில் 20 கிராம் பக்கம், அப்புறம் கோழி, மீன், பருப்பு. கடலூரில் மீனுக்கா பஞ்சம்? 30 கிராம் ஸ்கூப் ஒன்றில் நல்ல வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கிற புரதப் பவுடர்) என்றால் சுமார் 24 கிராம் வரும், அதாவது நாலு முட்டை. பவுடர் வேலை அவ்வளவுதான்: காலை பிராக்டிஸ் முடித்துவிட்டு நேரே காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிறவனுக்கு, நாலு முட்டை அவிக்க நேரமில்லாத அன்றைக்கு, கை கொடுக்கும்.

இதையே ஒரு நாள் படமாக எடுத்தேன். வெள்ளைத் துணி, ஒரு ஸ்கூப், பக்கத்தில் நாலு அவித்த முட்டை, கீழே ஒரு கணக்கு: 1 கிலோ டப்பாவில் இந்த ஸ்கூப் சுமார் 33, டப்பா விலையை 33ஆல் வகுத்து நாலு முட்டை விலையோடு வைத்துப் பாருங்கள், எது கட்டுப்படியாகிறதோ அதை வாங்குங்கள். என் வீட்டுக்காரி "கடையை மூடப் போறீங்களா" என்று கேட்டாள். அன்றைக்கு இரண்டு டப்பாதான் போனது. ஆனால் அந்தப் படம் இன்னும் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஜிம் மாஸ்டர்களே அனுப்புகிறார்கள், அதைப் பார்த்து வருகிறவன் பேரம் பேசுவதில்லை, டப்பாவைத் திருப்பிக் கொண்டு வருவதும் இல்லை.

நேற்று ராத்திரி பாண்டித் தம்பி மறுபடி கூப்பிட்டான். "அந்த படத்தை எடுத்துட்டேன்ணே, அந்த எடம் காலியா கெடக்கு, நாளைக்கு என்ன போடறது?"

"முட்டை இருக்கா வீட்ல?" என்றேன்.