கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது என்ன வயது?

முன்னோர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலர் முதல் பத்தியிலேயே உலகப் போருக்குள் போய்விடுகிறார்கள், ஆள் காணாமல் போய்விடுகிறார். அதனால் முதலில் ஆளைப் பிடியுங்கள், காலம் அப்புறம்.

வீட்டுப் பெரியவர்களிடம் 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். யாரோடு இருந்தார், யார் சம்பாத்தியத்தில் வீடு ஓடியது, ஏன் அங்கிருந்து கிளம்பினார் என்று கேளுங்கள். பழைய கடிதம், பத்திரம், புகைப்படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, அது யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.

அடுத்து, ஒரு தாளில் ஆண்டு, அவர் வயது, வெளியே நடந்தது என்று மூன்று கட்டம். வயதுதான் முக்கியம். 1898இல் பிறந்தவருக்கு முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் 16, இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவிய 1918இல் 20, அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்த 1929இல் 31. ஒரே நிகழ்ச்சி 16 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் ஒரே மாதிரியா தொட்டிருக்கும்?

அந்த இன்ஃப்ளூயன்சாவையே எடுத்துக்கொள்வோம். அது 20 முதல் 40 வயதுக்காரர்களை வழக்கத்துக்கு மாறாக அதிகம் பலிவாங்கியது, எனவே 1918இன் கடைசி மாதங்களில் குடும்பத்தில் ஓர் இளவயது மரணம் இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் இறப்புப் பதிவைப் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். அன்றைய செய்தித்தாளில் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடவும் வேண்டாம். போரில் இறங்கிய நாடுகளில் தணிக்கை இருந்ததால் அடக்கி வாசித்தார்கள், நடுநிலை வகித்த ஸ்பெயினின் பத்திரிகைகள்தான் வெளிப்படையாக எழுதின.

ஆவணங்களுக்கு ஃபேமிலிசர்ச் இணையதளம் இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி மனிதர் விவரம் உடனே கிடைக்காது: அமெரிக்காவில் 72 ஆண்டு காத்திருக்க வேண்டும், இங்கிலாந்தின் 1921 கணக்கெடுப்பு 2022இல்தான் வெளியானது. பழைய கணக்கெடுப்புகளில் வயது 40, 50 என்று பத்துப் பத்தாக இருந்தால் அப்படியே நம்பாதீர்கள், தோராயமாகச் சொல்லியிருக்கலாம்.

எழுதும்போது உறுதியானது, கேள்விப்பட்டது, ஊகம் மூன்றுக்கும் தனித்தனி நிறம் கொடுங்கள். ஊகத்தை 'இருந்திருக்கலாம்' என்றே எழுதுங்கள், 'மனம் உடைந்து போனார்' என்று கதை கட்ட வேண்டாம். பத்து வருடத்துக்கு ஒரு தகவலும் இல்லையா? சரி, கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு உடன்பிறந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரில் தேடுங்கள். அவர்களுடைய பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் சில சமயம் நம்ம ஆளாகவே இருப்பார்.