கிராபிக்ஸ் கார்ட் விலை வதந்தி: மட்டக்களப்பில் நாம் செய்யும் தவறுகள்

"கொஞ்சம் பொறுப்போம் அண்ணா, அடுத்த கார்ட் வரப்போகிறதாம். வந்தால் இதன் விலை பாதியாகிவிடும் என்கிறார்கள்." மட்டக்களப்பில் கணினி பொருத்திக் கொடுக்கும் எனக்கு, திரைக் காட்சிகளை உருவாக்கும் பாகமான கிராபிக்ஸ் கார்ட் பற்றி இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு மாதமும் கழிவதில்லை. சொல்பவர் காத்தான்குடியில் விளம்பரப் பலகை வடிவமைப்பவராக இருப்பார், களுவாஞ்சிகுடியில் கலியாண வீடியோ எடுப்பவராக இருப்பார், வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் பிள்ளையாக இருப்பார். எல்லாரும் உழைத்துச் சேர்த்த காசோடு வருகிறார்கள். சிலர் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தோடு வருகிறார்கள். அந்தப் பணமும் காலமும் யாரோ எங்கிருந்தோ அவிழ்த்துவிட்ட ஊகத்தால் வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

வெளிவராத கார்ட் ஒன்றைப் பற்றி மூன்று வகைச் செய்திகள் உலவும். அதற்குள் என்ன இருக்கிறது, எப்போது வரும், என்ன விலை. இந்த மூன்றையும் ஒரே அளவில் நம்புவதுதான் முதல் தவறு.

என்விடியா, ஏஎம்டி என்ற நிறுவனங்கள் கார்டின் மூளையான சில்லை வடிவமைக்கின்றன. கடையில் நாம் வாங்கும் கார்ட்களில் பெரும்பாலானவற்றை ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பலகையும் குளிரூட்டியும் செய்வதற்கு, நினைவகம் எவ்வளவு என்பது அவர்களுக்கு மாதக்கணக்கில் முன்பே தெரிந்தாக வேண்டும். இத்தனை கைகள் மாறும் தகவல் கசியாமல் இருக்காது, கசிந்தது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். விலை அப்படிப்பட்டதல்ல. அதற்கு அச்சு வார்க்க வேண்டியதில்லை, பாகம் வரவழைக்க வேண்டியதில்லை. மேடையேறும் நாள் காலையில்கூட மாற்றிவிடலாம். அதனால் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் விலை முடிவாகிறது. மின் அளவும் ஓரளவுக்கு இப்படித்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்ட் 600 வொட் மின்சாரம் இழுக்கும் என்று 2022இல் பெரிதாகப் பேசப்பட்டது. வந்தபோது அது 450 வொட்.

விலை கடைசியில்தான் முடிவாகிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? 2019 ஜூனில் ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டை 449 டொலர் என்று அறிவித்திருந்தது. விற்பனைக்கு இரண்டே நாட்கள் இருக்கும்போது 399 என்று குறைத்தது. நிறுவனம் தானே அறிவித்த விலை நிலைக்கவில்லை என்றால், யாரோ ஊகித்த விலை எப்படி நிலைக்கும்? 2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்ட்களை அறிவித்தது. 16 ஜிகாபைட் நினைவகம் கொண்ட கார்ட் 1,199 டொலர், 12 ஜிகாபைட் கார்ட் 899 டொலர். ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கா என்று எதிர்ப்பு எழுந்ததும், ஒக்டோபர் 14ஆம் திகதி 12 ஜிகாபைட் கார்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்ற பெயரில் 799 டொலருக்கு வந்தது. 899 என்ற கணக்கோடு பணம் திரட்டியவர், விலை மட்டுமல்ல பெயரும் மாறியதைக் கண்டார்.

"பத்து யூடியூப் சேனல்களில் அதே விலையைச் சொல்கிறார்களே" என்று கேட்பார்கள். பத்துப் பேரும் ஒருவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது ஒரே சாட்சிதான். முதலில் யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கடையின் இணையப் பக்கத்தில் இடம் நிரப்புவதற்காகப் போட்ட எண்ணில் போய் நிற்கும்.

திகதி விடயத்தில் இழப்பு இன்னும் பெரிது. உயர்தரக் கார்ட்களின் தலைமுறை மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. என்விடியாவின் 1080 வந்தது 2016 மே, 2080 வந்தது 2018 செப்டம்பர், 3080 வந்தது 2020 செப்டம்பர், 4090 வந்தது 2022 ஒக்டோபர், 5090 வந்தது 2025 ஜனவரி. இடைவெளி 24 முதல் 28 மாதங்கள். போன தலைமுறை வந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் "அடுத்த தலைமுறை அடுத்த மாதம்" என்று ஒருவர் சொன்னால், இந்த ஒழுங்கைக் கொண்டு அவரை மதிப்பிடலாம். ஆனால் இந்த ஒழுங்கு எந்த மாதம் என்பதைச் சொல்லாது. நம் ஆட்களுக்கு நட்டம் வருவது அந்தச் சில மாத வித்தியாசத்தில்தான்.

கலியாண ஸ்டூடியோ வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய 8 ஜிகாபைட் கார்ட் 2024 நடுப்பகுதியில் செயலிழந்தது. 5090 ஆண்டு முடிவதற்குள் வந்துவிடும் என்ற பேச்சு அப்போது எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்திருக்க முடிவு செய்தார். ஆவணிக் கலியாணங்கள் முழுவதையும் வெளியே கொடுத்துத் தொகுத்தார், லாபத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. அந்த ஆண்டு கார்ட் வரவில்லை. 2025 ஜனவரி 6ஆம் திகதி லாஸ் வேகாஸில் அறிவித்தார்கள். 1,999 டொலர். ஜனவரி 30ஆம் திகதி, நமக்கு இரவு ஏழரை மணிக்கு, அமெரிக்காவில் விற்பனை தொடங்கி நிமிடங்களில் தீர்ந்தது. தை மாதக் கலியாணங்களும் வந்துவிட்டன. கொழும்பில் விசாரித்தால் ஒருவரும் உறுதியான நாள் சொல்லவில்லை. கடைசியில் அவர் வாங்கியது, ஆவணிக்கு முன்பே வாங்கியிருக்கக்கூடிய ஒரு நடுத்தரக் கார்ட்.

அறிவிக்கும் நாள், அமெரிக்காவில் விற்பனை தொடங்கும் நாள், கொழும்புக்குச் சரக்கு வரும் நாள், மட்டக்களப்பில் உங்கள் மேசைக்கு வரும் நாள், இவை நான்கும் வெவ்வேறு. வதந்தி சொல்வது முதல் நாளை. உங்களுக்கு வேண்டியது நான்காம் நாள்.

இப்போது டொலர் கணக்குக்கு வருகிறேன். நான் அதிகம் வாதாடுவது இதில்தான். 1,999 டொலரை அன்றைய மாற்று வீதத்தால் பெருக்கி, "இவ்வளவுதானே, நீங்கள் ஏன் கூடச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கணக்கு எளிதாக இருக்க ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 599,700 ரூபாய். அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் அவர்களுடைய விற்பனை வரியே சேர்வதில்லை. இங்கே 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதை மட்டும் சேர்த்தாலே 7 இலட்சத்தைத் தாண்டுகிறது. 2022 ஒக்டோபர் முதல் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி இருக்கிறது. கப்பல் அல்லது விமானக் கூலி, இறக்குமதியாளரின் பங்கு, கொழும்புக் கடையின் பங்கு, வாரண்டிக்கு ஒதுக்கும் தொகை எல்லாம் அதற்கு மேலே. அதோடு, அந்த 1,999 அடிப்படைக் கார்டின் விலை. பெரிய மூன்று விசிறிக் கார்ட்களுக்கு அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தனியாகக் கூட்டிக்கொள்ளும். ஆக, டொலர் விலையைக் கொண்டு கடைக்காரரைக் கள்ளர் என்று சொல்வது அநியாயம். மூன்று கடைகளில் ஒரே நாளில் விலை கேட்டு ஒப்பிடுவதுதான் நியாயமான சோதனை.

உலக விலை இறங்கினால் இங்கும் இறங்கும் என்ற நம்பிக்கையை 2022 உடைத்துக் காட்டியது. கணினியை ஓயாமல் கணக்குப் போடவிட்டு கிரிப்டோ நாணயம் ஈட்டும் 'சுரங்க' வேலைக்காக 2021இல் கார்ட்கள் பல மடங்கு விலைக்குப் போயின. 3080 கார்டின் அறிவிக்கப்பட்ட விலை 699 டொலர். அந்த விலைக்கு நெடுநாட்கள் கண்ணில் படவே இல்லை. 2022 நடுப்பகுதியில் உலகச் சந்தை தளர்ந்தது, செப்டம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதோடு அந்தச் சுரங்கத்துக்குக் கார்ட் தேவையற்றுப் போனது. பொறுத்திருந்தவர்கள் வென்றிருக்க வேண்டும். ஆனால் அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. 1,000 டொலர் கார்ட் 700 டொலராக இறங்கியது என்று வைத்தாலும், 2 இலட்சமாக இருந்தது 2 இலட்சத்து 52 ஆயிரமாகிறது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் இறக்குமதிக் கட்டுப்பாடும் தனிக்கதை. அந்த ஆண்டைக் கடந்து வந்த எவரும் கார்ட் விலையை டொலரில் மட்டும் யோசிக்கக் கூடாது.

இன்னொரு குழப்பம், அமெரிக்கா விதிக்கும் இறக்குமதி வரி பற்றிய செய்தி. 2025இல் அதைக் கேட்டுப் பயந்து அவசரமாக வாங்க வந்தவர்கள் உண்டு. அந்த வரி அமெரிக்காவுக்குள் போகும் சரக்குக்கு. கொழும்புத் துறைமுகத்தில் அறவிடப்படுவது நம் நாட்டு வரி.

"புதியது வந்தால் பழையது மலியும்" என்பது நடுத்தரக் கார்ட்களில் சில வேளை நடக்கிறது. உச்சியில் இருக்கும் கார்டில் அதை எதிர்பார்க்காதீர்கள். புதியது வருமுன் பழையதன் உற்பத்தியை நிறுத்திவிடுகிறார்கள், கையிருப்பு சுருங்குகிறது. 24 ஜிகாபைட் நினைவகம் கொண்ட 4090 அப்படித்தான் ஆனது. செயற்கை நுண்ணறிவு வேலைக்கு அந்த நினைவகத்தைத் தேடி உலகம் முழுவதும் ஆட்கள் இருந்ததால், 5090 வந்த பிறகும் அது மலிவுச் சரக்காகவில்லை. நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று நிறுவனங்கள். தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவக விலையே ஏறியது. காலம் போகப் போக மின்னணுப் பொருள் மலியும் என்ற பழைய அனுபவம் இங்கே துணைக்கு வராது.

பொறுத்தவர்கள் பயன்பெற்றதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2022 நவம்பரில் 1,199 டொலருக்கு வந்த 4080க்குப் பதிலாக, 2024 ஜனவரியில் 4080 சூப்பர் 999 டொலருக்கு வந்தது. பதினான்கு மாதக் காத்திருப்பு, 200 டொலர் மிச்சம். விளையாட மட்டும் வாங்கும் பிள்ளைக்கு அது நல்ல கணக்கு. அந்தக் கார்டால் மாதாமாதம் உழைப்பவருக்கு, ஒரு கலியாணத் தொகுப்பின் கூலியோடு அந்த 200 டொலரை ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

வதந்திகளுக்குள் மூழ்கியவர்கள் தங்கள் வேலை என்ன கேட்கிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள். நம் பகுதி ஸ்டூடியோக்களில் பலர் இப்போது நிற விவரம் கூடுதலாகப் பதிவாகும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கிறார்கள். தொகுக்கும்போது காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது, உடனே "5090 வந்தால்தான் சரி" என்கிறார்கள். 40 வரிசையில் உச்சியில் இருந்த 4090க்குக்கூட அந்த முறையில் சுருக்கிப் பதிவான காட்சியைத் தன் சில்லிலேயே விரித்துக் காட்டும் வசதி இல்லை. 50 வரிசையில் அந்த வசதி கீழ்நிலைக் கார்ட்களிலும் இருக்கிறது. உள்ளே கிராபிக்ஸ் கொண்ட புதிய இன்டெல் புரொசசர்களில் எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோக் கோப்புகளுக்கு அது முன்பே இருந்தது. அதாவது பல இலட்ச ரூபாய்க் கார்டுக்காகக் காத்திருந்த ஒருவரின் பிரச்சினை, புரொசசரைச் சரியாகத் தெரிவு செய்திருந்தாலே தீர்ந்திருக்கும். முப்பரிமாண வேலையோ, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டில் ஓட்டும் வேலையோ என்றால் கதை வேறு. அங்கே 5090 தரும் 32 ஜிகாபைட் உண்மையான பலம்.

கட்டாரிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர் கொண்டுவருவார் என்று முற்பணம் அனுப்புவதற்கு முன், வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்று கேளுங்கள். வாங்கிய நாட்டுக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால், பழுதான கார்டோடு மாமாவின் அடுத்த விடுமுறைவரை காத்திருக்க வேண்டும். வெளிவராத கார்டுக்கு "முன்பதிவு" என்று இங்கே யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நிறுவனம் விலையே சொல்லாதபோது அவர் எதை வைத்துப் பதிவு செய்கிறார்?

கார்டின் விலையை மட்டும் சேர்த்துவைப்பது இன்னொரு பிழை. 5090 இழுப்பது 575 வொட், பவர் சப்ளை 1,000 வொட் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கேசிங்கில் இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இத்தனை வெப்பத்தை கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத ஓர் அறைக்குள் கொட்டினால் ஆளும் இருக்க முடியாது, இயந்திரமும் ஓயும். மின் இணைப்பியைக் கடைசிவரை அழுத்திச் செருகாததால் முனை உருகிய சம்பவங்கள் 4090 வந்த காலத்திலேயே பல நாடுகளில் பதிவாகின. பொருத்துபவரின் கையை இந்த இடத்தில் உற்றுப் பாருங்கள்.

விலை கேட்கும்போது கடையின் பெயரோடு, திகதி போட்ட கொட்டேஷனாக எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள் செல்லும், வரி சேர்ந்ததா, சரக்கு கையில் இருக்கிறதா, வாரண்டி எத்தனை ஆண்டு, பழுதானால் கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது, இவை அதில் இருக்க வேண்டும். கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கி இரவு பஸ்ஸில் பார்சலாக எடுப்பதென்றால், பெட்டியிலும் கார்டிலும் உள்ள தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலையில் பார்சல் வந்ததும், அதைப் பிரிப்பதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டே பெட்டியின் மேலுள்ள இலக்கத்தை ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் மட்டும் பெட்டியைத் திறந்து கார்டின் இலக்கத்தையும் பாருங்கள்.