ரிவார்ட்ஸ் செக்கிங் கணக்கு: மாத வட்டி கைநழுவாமல் இருக்க

அமெரிக்காவில் சிறிய வங்கிகளும் கிரெடிட் யூனியன்களும் (உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவு வங்கிகள்) ‘ரிவார்ட்ஸ் செக்கிங்’ கணக்கு தருகின்றன: மாத நிபந்தனைகளை நிறைவேற்றினால் அதிக வட்டி தரும் அன்றாடச் செலவுக் கணக்கு இது. டெபிட் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் கட்டும் இன்டர்சேஞ்ச் கட்டணத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு வட்டியாக வருகிறது. 2010-இன் டர்பின் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டவிதி அந்தக் கட்டணத்துக்கு வைத்த உச்சவரம்பு, 1000 கோடி டாலருக்குக் குறைவான சொத்துள்ள வங்கிகளைக் கட்டுப்படுத்தாது. பெரிய வங்கிகளில் இந்தக் கணக்கு அரிதாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: மாதம் 10 முதல் 15 டெபிட் செலவுகள், காகிதமில்லா ஸ்டேட்மென்ட், சில இடங்களில் ஒரு டைரக்ட் டெபாசிட் (சம்பளம் போன்றவை நேரடியாகக் கணக்கில் வருவது). வட்டிக்கு இருப்பு வரம்பும் உண்டு. 10,000 டாலர் வரை 5% என்றால் மாதம் சுமார் 41 டாலர். 12 செலவு கேட்கும் கணக்கில் 11-தான் பதிவானால் அந்த மாதம் 0.05%, அதாவது 40 சென்ட் சொச்சம். பாதி வட்டி என்ற பேச்சே கிடையாது.

பலர் கோட்டைவிடுவது தேதியில். கார்டைத் தேய்த்த நாள் கணக்கில் வராது. ‘பெண்டிங்’ (நிலுவை) நீங்கி ‘போஸ்டட்’ (பதிவானது) ஆன நாள்தான் கணக்கு. அதற்கு ஒன்று முதல் மூன்று வேலை நாள் ஆகும். செலவுகளை எண்ணும் தகுதிச் சுழற்சி மாதக் கடைசிக்கு முன்பே முடியும் வங்கிகளும் உண்டு. விதிமுறைத் தாளில் அந்தத் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 12 கேட்டால் 14 செய்யுங்கள், அதையும் 20-ஆம் தேதிக்குள் முடியுங்கள். ஏதாவது பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்த எண்ணிக்கை கழியலாம். ஏடிஎம்-மில் எடுப்பது, வென்மோ மாதிரி செயலிகளில் பணம் அனுப்புவது பொதுவாகச் சேராது.

காபி, பால், பார்க்கிங் போன்ற சின்னச் செலவுகளுக்கு மட்டும் இந்தக் கார்டு போதும். பெரிய செலவை 2% கேஷ்பேக் தரும் கிரெடிட் கார்டில் போடுவதே லாபம். அதற்காக ஒரே கடையில் 50 சென்ட் வீதம் பத்துத் தடவை தேய்க்காதீர்கள். கணக்கையே மூடிவிடும் வங்கிகள் இருக்கின்றன. பெட்ரோல் பம்பில் இந்தக் கார்டு வேண்டவே வேண்டாம்: 30 டாலருக்குப் போட்டாலும் 100 டாலருக்கு மேல் தற்காலிகமாகப் பிடித்துவைக்கலாம், இருப்பு குறைவாக இருந்தால் நீங்கள் கட்ட வேண்டிய வேறு பில் பணமில்லை என்று திரும்பிவிடலாம்.

கார்டு தொலைந்தால் தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் சொல்லுங்கள். உங்கள் பொறுப்பு 50 டாலரோடு நிற்கும். தாமதித்தால் 500 வரை போகும், ஸ்டேட்மென்ட் வந்து 60 நாள் தாண்டியும் சொல்லாவிட்டால் அதற்கு மேலும் போகலாம்.

ஆண்டு வட்டி 10 டாலரோ அதற்கு மேலோ ஆனால், வட்டி வருமானத்தைக் காட்டும் 1099-ஐஎன்டி வரிப் படிவம் வரும். படிவம் வராவிட்டாலும் வட்டியை வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அதிக வட்டிக்கான இருப்பு வரம்புக்கு மேல் சேரும் தொகையை மாதா மாதம் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.